வள்ளி விஷயமாக மூத்த மச்சானுக்கு எழுதிக்கொண்டது

கருங்கல்
ஆகஸ்ட் 11

நாகர்கோவிலில் வாசம்பண்ணும் என் மனைவியின் மூத்த அண்ணனும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும், கோபம் வந்தால் மூக்கு மட்டும் தனியாகச் சிவக்கும் பாக்கியம் பெற்றவருமான சத்தியராஜ் மச்சான் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை ஜான்ரோஸ் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை நேசம்மாளும் மகள் பிரீனாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் முட்டுவலியும் சுகமா? முட்டுவலியைத் தனியாக விசாரிப்பதற்குக் கோபப்பட வேண்டாம். பத்து வருஷமாக உங்களோடு இருக்கிறது, அதுவும் வீட்டில் ஒரு ஆள் மாதிரிதானே.

வெள்ளிக்கிழமை போனில் நீங்கள், "ஏலே ஜான்ரோஸ், இனி உனக்க சத்தம் எனக்க காதுல கேக்கப்பிடாது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு பதினொரு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சத்தம்தானே கேட்கக் கூடாது, எழுத்துக்குச் சத்தம் கிடையாதே என்று யோசித்து இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முறிந்தது உங்களுக்குத் தெரியும். நான் கடைசியாகக் கைப்பட எழுதியது ரேஷன் கார்டு மனு, அதையும் அந்த ஆபீசர் வாசித்துவிட்டு, "இது யாரு, வேற நாட்டுக்காரரா?" என்று கேட்டார். அதனால் தயவுசெய்து சிவப்பு மை எடுத்துத் திருத்தி, பத்துக்கு ரெண்டு போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வழக்கமாக என் எழுத்தில் பிரீனாதான் பிழை பார்ப்பாள். இது அவள் கண்ணில் படக்கூடாத கடிதம்.

தலைபோகிற காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்குள் நான் வள்ளி என்று ஒருத்தியையும் வைத்துக்கொண்டிருக்கவில்லை. மாப்பிள்ளை ஜெனித்தின் வீட்டார் நாசரேத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைக்கிறார்கள். இருபத்தஞ்சாம் தேதி நிச்சயத்துக்கு வருவதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறோம் என்று உங்களிடம் சொன்னார்களாமே. மாப்பிள்ளையின் அப்பா உங்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் சாக்கட்டி பிடித்த வாத்தியார். அவரிடம், "எனக்க தங்கச்சி குடும்பத்துக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தது நீங்கள். இப்போது உங்கள் வாக்கும் என் மகளின் கல்யாணமும் ஒரு கிழங்கின் கையில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

கிழங்கு எங்கே இருந்து வந்தது என்று கேட்பீர்கள். வீட்டுக்குக் கிழக்கே இருக்கிற விளையில் குலை தள்ளின ஏத்தன் வாழை அறுபதும் சித்திரை மாசக் காற்றில் ஒரே மத்தியானத்தில் படுத்துவிட்டன. வெறும் மண்ணைப் பார்த்து உட்கார்ந்திருந்த எனக்குச் சீனிக்கிழங்கு போடலாம் என்று தோன்றியது. உங்கள் புத்தகத்தில் அதற்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று பேர். விதை போட்டு வருகிற சாமான் இல்லை. கிழங்கை முளைக்க வைத்து, முளை நீண்டு கொடியானதும் முழம் முழமாக முறித்து நட வேண்டும். அந்தக் கொடிக்கு நம் பக்கத்தில் வள்ளி என்றுதானே சொல்கிறோம்? நல்லமிளகு வள்ளி, பாவக்காய் வள்ளி, முல்லை வள்ளி. ஐம்பத்து நாலு வருஷமாக இந்த வாயால் சொல்லிவருகிற சொல்லுக்குள் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் முற்றத்தில்தான் மண்ணைக் கூட்டிக் கிழங்கைப் புதைத்தேன். மயில் வந்து கிண்டியது. வலை கட்டினேன். அடியில் மாளம் தோண்டிக்கொண்டு பெருச்சாளி வந்தது. மேலே மயில், கீழே பெருச்சாளி, ரெண்டும் பேசி வைத்துக்கொண்டு முறைபோட்டு வந்தன. மூன்றாம் தடவை ரெண்டும் வரவில்லை, மழை வந்தது. ஒன்பது நாள் விடாமல் பெய்ததில் கிழங்கு முழுக்க அழுகி, முற்றத்தில் கள்ளுக்கடை வாசம். அந்தச் சமயம் பார்த்துச் சபைப் போதகர் ஐயர் எங்கள் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். நல்ல மனுஷன், மூக்கைப் பொத்தவில்லை. ஆனால் ஜெபத்தை ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டுக் காப்பி வேண்டாம் என்று போய்விட்டார். கருங்கல் சந்தையில் கிழங்கு விற்கிற முருகதாஸிடம் என் சங்கடத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"வள்ளி இருக்க எடத்துக்கு மயிலு வராம பின்ன காக்காவா வரும் அண்ணாச்சி? வீட்டுக்குள்ள கொண்டு வச்சு முளைக்க வையும். கதவைப் பூட்டினா மயிலு என்ன செய்யும்?"

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எங்கள் சபையில் வள்ளி என்று ஒரு பேர்கூட இல்லை. அந்தப் பேருள்ள சாமியைப் பற்றி முருகதாஸ் சொன்ன பகடி எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்காத பாதிக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டு நாற்பது கிழங்கு பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஹார்லிக்ஸ் குப்பி, ஊறுகாய்க் குப்பி, தேன் குப்பி, பிரீனா படிக்கிற காலத்தில் நீளம் தாண்டி வாங்கின கப்பு ரெண்டு, எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தேன். கிழங்கின் இடுப்பில் நாலு பக்கமும் ஈர்க்கில் குத்தி குப்பியின் வாயில் உட்கார வைத்தால், பாதி உள்ளே பாதி வெளியே, குளச்சல் கடலில் முதல் தடவை இறங்கின ஆள் மாதிரி நிற்கும். பத்து நாள் அப்படியே நின்றது. நாற்பதும் என்னைப் பார்த்தன, நான் நாற்பதையும் பார்த்தேன்.

"அவிச்சு மீன்கறியோட தின்னிருந்தா ரெண்டு நேரம் கழிஞ்சிருக்கும். இப்ப என்னடான்னா பொணத்துக்குக் காவல் இருக்கது மாதிரி இருக்கிய" என்றாள் நேசம்மாள்.

"ஏட்டி, பிள்ளை பெறதுக்கே பத்து மாசம் ஆகுது. ஒரு கிழங்குக்குப் பத்து நாளு குடுக்கமாட்டியா?"

"பிள்ளை பெத்தது நானு. நீங்க அன்னைக்குக் குளச்சல்ல சாளை மீனு ஏலம் கேட்டுட்டு நின்னிய."

பதினோராம் நாள் காலையில் தேன் குப்பிக் கிழங்கின் தலையில் ஊதா நிறத்தில் ஊசிமுனை மாதிரி ஒன்று. அதற்கு அடுத்த நாள் நாலு. பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. வெளிச்சம் வேண்டும் என்பதற்காக ரெண்டு சன்னல் உள்ள நல்ல அறையை, நாங்கள் கட்டில் போட்டிருந்த அறையை, அதற்கு விட்டுக்கொடுத்தேன். நேசம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள், நான் வராந்தாவுக்கு வந்தேன். ஒன்றரை மாசத்தில் வள்ளி சன்னல் கம்பி, துணி போடுகிற அசை, அலமாரிக் கைப்பிடி என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் போய் வசனக் காலண்டரை மூடிவிட்டது. இன்றைக்கு என்ன தேதி என்று பார்க்க இலையை விலக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல்காரி பெமிலா தன் முயலுக்கு இலை கேட்டு வருவாள். நானோ காலையில் எழுந்தால் முதல் வேலையாகத் தண்ணீர் மாற்றி, தண்டைத் தடவி, "எப்பிடி இருக்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். இதெல்லாம் வீட்டுக்குள் இருக்கிற வரைக்கும் அழகாகத்தான் இருந்தது மச்சான். போன் வழியாக வெளியே போனபோதுதான் கெட்டுப்போனது.

போன மாசக் கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து வாரம் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுகிற நல்ல பழக்கம் அவர்களுக்கு. "எல்லாரும் சுகமா அண்ணே?" என்றார்கள். "எல்லாரும் சுகம். வள்ளிக்குத்தான் ரெண்டு நாளா ஒரு வாட்டம், இப்ப தலை தூக்கிட்டு" என்றேன். "வள்ளியா? யாரு, வேலைக்கு நிக்குத பிள்ளையா?" என்று அவர்கள் கேட்கும்போது வாசலில் பால்காரர் சத்தம் போட்டார். சட்டென்று போனை நேசம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். என் வாழ்க்கையில் செய்த தப்புகளில் அதுதான் பெரியது. போனில் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்ததால் வாசலில் நின்றே எல்லாம் கேட்டேன், கேட்டும் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

"யாரு மதினி வள்ளி?" என்று அந்தப் பக்கம்.

"அதையா கேக்கிய! ஒன்றரை மாசமா இந்த வீட்டுல எல்லாம் வள்ளிதான். நல்ல ரூமு வள்ளிக்கு. எனக்கு அடுக்களையில பாயி."

"ஐயோ ஆண்டவரே! நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னா கேக்கணுமே. விடிஞ்சா ஜெபம்கூடப் பெறவுதான், மொதல்ல வள்ளிக்க முகத்துல முழிக்கணும். வாடினா மனுஷனுக்குச் சோறு இறங்காது. தழைச்சா ஒரே சிரிப்பு. எனக்கு ரெண்டு நாளு காய்ச்சலடிச்சுது மதினி, நெத்தியில கைவச்சுப் பாக்கல்ல."

"வளந்த பிள்ளை வீட்டுல இருக்காளே. பிரீனா என்ன சொல்லுதா?"

"அவ என்ன சொல்லுவா, பாவம். அவ ஜெயிச்ச கப்பையும் எடுத்து வள்ளிக்குக் குடுத்தாச்சு. இப்ப பொடிசுவ வேற உண்டு. ஒவ்வொண்ணா பிரிச்செடுத்துத் தனித்தனியா வச்சு வளத்துட்டு இருக்காவ."

"லைனு போயிட்டு" என்று நேசம்மாள் போனை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

நாலாம் நாள் மாப்பிள்ளையின் அப்பா கூப்பிட்டார். எப்போதும் சிரித்துப் பேசுகிறவர், அன்றைக்கு மைக் பிடித்த மாதிரி இறுக்கமாகப் பேசினார். "ஒரே ஒரு கேள்வி கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். உங்க வீட்ல வள்ளி இருக்கா?" நம் தமிழில் இந்த 'இருக்கா' இருக்கிறதே, அது ஆளுக்கும் ஆகும், ஆட்டுக்கும் ஆகும், கொடிக்கும் ஆகும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பின்ன இல்லாமலா! கொழுகொழுன்னு இருக்கு. உங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன். "ஊரே சொல்லுது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாசரேத்து வரைக்கும் என் விவசாயம் பேர் எடுத்துவிட்டதே! "உங்களுக்கும் ரெண்டு வேணுமா? நிச்சயத்துக்கு வரும்ப வண்டியில ஏத்தி விடுதேன். உங்க ஊரு செம்மண்ணுக்கு நல்லா பிடிக்கும். மதினிக்கும் ஒரு நேரம்போக்கா இருக்கும்" என்றேன். அவருக்கு இருமல் வந்தது. நிற்காத இருமல். சுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு நானே வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் போன். "உனக்க வீட்டுக்குள்ள வள்ளியாமே, உள்ளதா, ஏலே?" என்று நீங்கள் கேட்டதும், "ஆமா மச்சான், நாப்பது எண்ணம்!" என்று நான் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். மூத்தவர் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்றுதான் நினைத்தேன். நீங்கள் வைத்த பிறகு, ஒரு மனுஷன் கிழங்குக்கு இவ்வளவு கோபப்படுவானா என்று முதலிலிருந்து யோசித்தேன். நானும் நேசம்மாளும் சொன்னதையெல்லாம் திரும்ப ஒரு தடவை நாசரேத்துக் காதால் கேட்டுப் பார்த்தேன். "ஏட்டி, நம்ம கெட்டோம்" என்றேன். நேசம்மாள் விவரத்தைக் கேட்டுவிட்டு, "வள்ளின்னு சொன்னா வள்ளிதானே? அவியளுக்குத் தமிழு தெரியாதா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை நீங்கள் தலைமையாசிரியர் என்கிற முறையில் அவர்களிடம் கேட்டால் நல்லது.

உடனே போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் தீர்ந்தது என்று நினைத்தேன். குப்பிகளுக்கு நேராகப் போனைப் பிடித்து எடுத்து, "இதுதான் நாங்க சொன்ன வள்ளி, வேற தப்பா நினைக்கப்பிடாது" என்று வாயாலும் சொல்லி மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அனுப்பினேன். அனுப்பின பிறகுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இலை பறிக்க வந்த பெமிலா படத்துக்கு நட்டநடுவில், புதுச் சேலையில், கட்டில் ஓரத்தில் சாய்ந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். குப்பி அவள் முதுகுக்குப் பின்னால். அழிக்கத் தெரியவில்லை. பதில் வந்தது: "பார்த்தோம். பாவம்." அந்தப் பாவம் எனக்கா, நேசம்மாளுக்கா, பெமிலாவுக்கா என்று இதுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை பிரீனா லேபில் வேலை முடிந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல், "அப்பா, வள்ளி யாரு?" என்று கேட்டாள். பெற்ற மகளை சன்னல் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தினமும் அவள் பார்க்கிற கொடியையே காட்டி, "இதுதான் மக்ளே, வேற ஒண்ணுமில்ல" என்று சொன்னேன். "எனக்குத் தெரியும் அப்பா. அவிய நம்பணுமே. நிச்சயத்துக்கு வரணுமான்னு யோசிச்சுச் சொல்லுதோம்னு மாமாகிட்ட சொல்லிட்டாவளாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். மச்சான், இந்த ஊரில் நான் கேலி பேசாத ஆள் கிடையாது, உங்களையும் சேர்த்து. கல்யாண வீட்டிலும் பேசுவேன், மரித்த வீட்டிலும் கொஞ்சம் பதுக்கப் பேசுவேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் எனக்கு ஒரு பகடியும் வரவில்லை. அவளுக்குப் பிடித்த பையன். அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் சிரிப்பை மறைக்க அடுக்களையில் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாத்திரச் சத்தமும் கேட்கவில்லை.

அதனால் இன்று காலையில் ஒரு முடிவெடுத்தேன். இன்னும் ஒரு முழம் வளர வேண்டிய கொடிதான்; வளர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பது குப்பியையும் சாறல் மழையில் சுமந்து விளைக்குக் கொண்டுபோனேன். காலண்டரைச் சுற்றினதைப் பைய அவிழ்த்தேன், முறித்தேன், நட்டேன். மத்தியானத்துக்குள் அறை காலி. நேசம்மாள் கழுவித் துடைத்துக் கட்டிலை நேராகப் போட்டாள். கப்பு ரெண்டையும் புளி போட்டுத் தேய்த்து ஷோகேஸில் வைத்தாயிற்று. இப்போது நாசரேத்திலிருந்து யார் வந்து எந்தக் கதவைத் திறந்து பார்த்தாலும் வீட்டில் வள்ளி கிடையாது.

உங்களிடம் கேட்பது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் மஞ்சள் பையில் ஒரு கிழங்கும் ரெண்டு முழம் கொடியும் போட்டுக்கொண்டு நாசரேத் போங்கள். சந்தையில் கிடைக்காவிட்டால் நான் கொண்டுவந்து உங்கள் வாசலில் வைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் திரும்பிவிடுகிறேன். அவர்கள் முன்னால் கொடியைத் தூக்கிப் பிடித்து, "இதுக்குப் பேருதான் வள்ளி" என்று சொல்லுங்கள். கரும்பலகை இருந்தால் எழுதியும் காட்டுங்கள். ஜான்ரோஸ் வாய் நீளமான ஆள், அறிவு குட்டையான ஆள், ஆனால் முப்பது வருஷத்தில் நேசம்மாளைத் தவிர வேறு ஒரு பெண்பிள்ளையின் திட்டைக்கூட வாங்கினவன் இல்லை என்று எனக்காக ஒரு சாட்சி சொல்லுங்கள். வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட வேண்டும் என்றால் போட்டுக்கொள்கிறேன். இருபத்தஞ்சாம் தேதி மட்டும் தப்பக் கூடாது.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் முட்டு மடங்கவும், மூக்கு வெளுக்கவும், வீட்டில் சமாதானம் நிலைக்கவும் ஆண்டவர் இரங்குவாராக.

இப்படிக்கு,
கெட்டது அறியாத தங்கை மாப்பிள்ளை
ஜான்ரோஸ்

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் வாசித்த மாதிரி வைத்துக்கொண்டு, வாசிக்காத மாதிரி விட்டுவிடுங்கள். கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுக்களைக்குப் போன நேரத்தில் பிரீனா வேலையிலிருந்து வந்து மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்துவிட்டாள். நான் திரும்பி வரும்போது தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நேசம்மாள் போனில் புலம்பித் தீர்த்த அன்றைக்குச் சாயங்காலமே ஜெனித் இவளிடம், "வள்ளி யாரு?" என்று கேட்டானாம், இவள் கொடியைப் படம் எடுத்து அனுப்பினாளாம், அன்றைக்கு நாசரேத்தில் ஒரு வீட்டார் சிரித்துச் சிரித்துச் சாப்பிடாமல் படுத்தார்களாம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வந்தது இருமலே இல்லையாம். நேசம்மாளுக்குச் சனிக்கிழமையே தெரியுமாம். ஒன்றும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து அறையைக் கழுவியிருக்கிறாள், பாருங்கள். அதைவிட, நீங்கள் வெள்ளிக்கிழமை பேசின வசனத்தைப் பிரீனாதான் எழுதிக் கொடுத்தாளாமே? பத்துத் தடவை ஒத்திகை பார்த்தீர்களாமே? சிரிப்பு வந்துவிடும் என்று பயந்துதான் பிறகு போனை எடுக்கவில்லையாமே? முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த ஆளா நீங்கள்!

நிச்சயம் இருபத்தஞ்சாம் தேதியேதான், ஒரு மாற்றமும் இல்லை. "எதுக்கு மக்ளே இப்பிடிச் செஞ்ச?" என்று கேட்டேன். "பிறந்ததுலயிருந்து நீங்க என்னையக் கேலி பேசிக் களியாக்கினியளே. போறதுக்கு முன்ன ஒரு வாரம் நான் களியாக்கினேன்" என்றாள். யார் யார் என்ன பேச வேண்டும், எந்த நாளில் யார் கூப்பிட வேண்டும் என்று ரெண்டு வீட்டாருக்கும் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவள்தானாம். மாப்பிள்ளையின் அப்பா அம்மாகூட இவள் சொன்னதுக்கு மாறாக ஒரு வார்த்தை பேசவில்லையாம். வாய் திறக்காத பிள்ளை, புது வீட்டில் போய் எப்படிப் பிழைக்கப் போகிறாளோ என்று இத்தனை நாளும் அவளுக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன் மச்சான். இன்றைக்கிலிருந்து நாசரேத்துக்காரர்களுக்காகப் பண்ணப்போகிறேன்.